குருவுக்கும் குடல் உண்டு

இதை எழுதட்டுமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "எழுது. என் வியாதிய எழுது. அடுத்தவங்க வியாதிய எழுதாத," என்றார். வாழ்நாள் முழுக்க அறுவை மருத்துவராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, அந்தப் புத்தி ஓய்வு பெறவில்லை. சரி என்று ஒப்புக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். மூலம், மலம், புற்று என்றெல்லாம் இதில் வரும். சாப்பிடுகிற நேரத்தில் படிக்க வேண்டாம், மற்ற நேரத்தில் அவசியம் படியுங்கள். ஒரு மனிதரை அவருடைய வெட்கமும் மற்றவர்களுடைய மரியாதையும் கூட்டுச் சேர்ந்து சாகடிக்கப் பார்த்த கதை இது.

நாங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். இவர் டாக்டர் ஞானராஜ். ராணுவத்தில் சர்ஜனாகச் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் பூனாவில் வந்து நின்றார். பிறகு இங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் கத்தி பிடித்தார். நான் மேபல், கன்டோன்மென்ட் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவரும் ஓய்வு பெற்றபின் வானவடியில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறோம். ஒரே மகள் பியூலா கல்யாணமாகி ஹடப்சரில் இருக்கிறாள், அங்கேயே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தமிழ் பேசுவாள், ஆனால் பாதி வழியில் மராத்திக்கு மாறிவிடுவாள்.

ஓய்வுக்குப் பிறகு இவருடைய வாரம் இரண்டு நாட்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை ஏரவாடாவில் சபையார் எடுத்துக் கொடுத்த ஓர் அறையில் காசு வாங்காமல் வைத்தியம். ஞாயிற்றுக்கிழமை கோவிலில், இங்கிலீஷ் ஆராதனை முடிந்து அவர்கள் இடத்தைக் காலி செய்தபின் நடக்கும் எங்கள் தமிழ் ஆராதனை. திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்தின் முன்னாலிருக்கும் மரக்கிராதியில் முழங்காலிட முதல் ஆளாக எழுந்து போவார். இந்த இரண்டுக்கும் இடையில் வருகிற ஐந்து நாட்கள் எனக்கு. அப்படித்தான் அவர் கணக்கு.

இரண்டாயிரம் பிறந்து இரண்டாவது வருடம் அது, அதாவது போன வருடம். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, செடித்தொட்டியைப் பார்ப்பதுபோல நடிக்க ஆரம்பித்தார். செடி மேல் திடீர்ப் பாசம் வருகிற ஆள் இல்லை இவர். முகம் வெளுத்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து தன் கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாதவர், காலையில் குளியலறைக்குள்ளேயே தன் உள்ளாடைகளைத் துவைத்து, பிழிந்து, கொடியில் போட ஆரம்பித்தார். கேட்டதற்கு, "மூலம் மேபல். லேசா ரத்தம் வருது. பட்டாளத்துல பாதிப் பேருக்கு உண்டு," என்றார். சர்ஜன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஏரவாடாவில் ஒரு சனிக்கிழமை நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பியூலா அவரை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

இவர் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. இப்போது அங்கே தலைமை சர்ஜன் டாக்டர் பட்வர்தன். இவரிடம் தொழில் படித்தவர், தலை நரைத்த பிறகும் இவரைக் கண்டால் எழுந்து நிற்பவர். வாசலிலிருந்தே எங்களுக்கு ராஜ மரியாதை. ரத்தம் எடுக்க வரிசையில் நின்றிருந்தவர்களைத் தாண்டி உள்ளே அழைத்துப் போனார்கள். ஸோனோகிராஃபி அறையின் பின்கதவு திறந்தது. இதயத்துக்கு ஒரு நிபுணர், வயிற்றுக்கு ஒரு நிபுணர். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் மிகவும் குறைந்திருந்தது. அதாவது ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கிற சத்து எங்கேயோ ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது. எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. "மூலம் இருக்கிறது என்று ஸரே சொல்கிறாரே," என்று பட்வர்தன் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். எங்களுக்கு எல்லாக் கதவும் திறந்தது, திறக்க வேண்டிய ஒன்றைத் தவிர.

இங்கே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவர் தொழிலில் இருந்த காலமெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டின்போது போன் வரும். ஜூனியர் யாராவது ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுவார்கள். இவர் சோற்றுக் கையோடு எழுந்து போய்க் கேட்பார். கடைசியில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "விரல் வச்சுப் பாத்தியா?" கையுறை போட்டு, ஆசனவாய்க்குள் ஒரு விரலை விட்டுத் தடவிப் பார்க்கிற சாதாரணப் பரிசோதனை. ஒரு நிமிஷ வேலை, எந்த எந்திரமும் வேண்டாம். பார்க்கவில்லை என்று பதில் வந்தால் இவர் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிடும். என் புளிக்குழம்பு அந்தக் கேள்வியோடு சேர்ந்துதான் எத்தனையோ ராத்திரி தொண்டையில் இறங்கியிருக்கிறது.

மாத்திரைச் சீட்டோடு அறையை விட்டு வெளியே வந்தபோது அந்தக் கேள்விதான் எனக்கு ஞாபகம் வந்தது. இவரைப் பியூலாவோடு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பப் போனேன்.

"டாக்டர் ஸாப், விரல் வைத்துப் பார்த்தீர்களா?" என்று இந்தியில் கேட்டேன்.

பட்வர்தன் முகம் சிவந்துவிட்டது. "மேடம்... ஸரை எப்படி நான்... அவர் என் குரு."

"குருவுக்குக் குடல் கிடையாதா?"

இதய நிபுணர் தன் ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர்கூட அந்தப் பரிசோதனைக்காக இவரை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லியிருக்கவில்லை. தெருவில் போகிற யாரோ ஒருவர் இதே வெளுத்த முகத்தோடு வந்திருந்தால் முதல் நாளே பார்த்திருப்பார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. பட்வர்தன் மீது மட்டுமல்ல, கொடியில் துணி காய்ந்ததைப் பார்த்தும் மேற்கொண்டு கேளாமல் இருந்த என் மீதும், எல்லாவற்றுக்கும் மேலே, தன் விரலைத் தவிர வேறு எவன் விரலையும் நம்பாத அந்தப் பெரிய மனிதர் மீதும்.

அன்றைக்கே பார்த்தார்கள். விரல் எட்டுகிற தூரத்தில், கடினமாக, ஒரு கட்டி. பிறகு குழாய் விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்த்து, கட்டியிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதன் பெயர் பயாப்ஸி. அந்த முடிவு வருகிற வரை நாங்கள் மூன்று பேரும் வீட்டில் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொண்டோம். எங்கள் வீட்டில் மரியாதை வந்தாலே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். முடிவு வந்தபோது இவர் தாளை வாங்கிப் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நான் நெனச்சதுதான்," என்றார். எப்போதிலிருந்து நினைத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

பட்வர்தன் எனக்கும் பியூலாவுக்கும் படம் போட்டு விளக்கினார். கட்டி மலக்குடலின் கடைசியில் இருக்கிறது. அதை எடுக்கும்போது ஆசனவாயையும் சேர்த்து எடுத்து, அந்த வழியைத் தைத்து மூடிவிட வேண்டும். குடலின் நுனியை வயிற்றின் இடதுபக்கம் வெளியே கொண்டுவந்து ஒரு வாய் வைப்பார்கள். அதற்குப் பெயர் கொலாஸ்டமி. அதன்மேல் ஒரு பை ஒட்டப்படும், மலம் இனி அதில்தான் சேரும். ஆயுளுக்கும். செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, கல்லீரலுக்கு இன்னும் பரவவில்லை. தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இவர் வேண்டாம் என்றுவிட்டார்.

"எழுவது தாண்டியாச்சு. கர்த்தர் எவ்வளவோ நல்லா நடத்திட்டாரு. அவர் சித்தப்படி ஆகட்டும்," என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். இப்படிப் பீடத்திலிருந்து பேசுகிற மாதிரிப் பேசினால் என்ன செய்வது? பியூலா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, அப்பா ஏன் இப்படி ஹட்ட பண்றாங்க? எத்தனை பேருக்கு அவங்களே இந்த ஆபரேஷன் பண்ணியிருக்காங்க! அவங்களுக்கு மட்டும் காட்ஸ் வில்-ஆ?"

மராத்தியில் ஹட்ட என்றால் பிடிவாதம். அவள் சொன்னது சரிதான். சனிக்கிழமைகளில் ஏரவாடாவில் யாராவது இப்படிச் சொன்னால் இவர் விடுவாரா? "சாமி உனக்கு ஆஸ்பத்திரியையும் கொடுத்திருக்கார்," என்று உடைந்த மராத்தியில் திட்டி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். அதனால்தான் எனக்கு அந்தச் சித்தத்தின் மேல் சந்தேகம் வந்தது. நாள் போய்க்கொண்டிருந்தது. பட்வர்தன் தினமும் போன் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. முதல் ஆளாகப் போகிறவர், பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். காலில் வலி என்றார். நான் தனியாகப் போய் முழங்காலிட்டேன். கிராதியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஜனங்கள். அப்படியே திரும்பிப் பார்த்தபோது அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வெளியே நின்று பார்க்கிற மாதிரி. எனக்கு அப்போது புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து காப்பிகூடப் போடவில்லை. அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏங்க, இது விசுவாசம் இல்ல. வெட்கம்."

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"சொல்லுங்க. என்னத்துக்கு இன்னைக்கு எந்திரிக்கல?"

"முழங்கால்ல நிக்கும்போது பக்கத்துல இருக்கவங்களுக்கு வாடை வந்தா? ஜெபம் பண்ணும்போது சத்தம் வந்தா? அதுக்கு வால்வும் கெடையாது, பூட்டும் கெடையாது மேபல். நம்ம நெனச்சா நிறுத்த முடியாது. ஏரவாடால அந்தச் சின்ன ரூமுல... பிள்ளைங்க மூக்கப் பொத்துனா?"

அவர் கண் கலங்கி நான் பார்த்தது அவருடைய அம்மா இறந்தபோது. அதற்கப்புறம் அன்றைக்குத்தான். அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் நான் கணக்கு டீச்சர், எனக்கு அடுத்த வரிதான் தோன்றியது.

"நம்ம சபையில யாருக்காவது இப்படி வச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் கேக்கப்படாது."

"பேரு கேக்கல. உண்டா, இல்லையான்னு கேக்கேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்டு."

"ரொம்ப நாளா?"

"பியூலா கல்யாணத்துக்கு முன்ன."

"அவங்க வீட்டுல நான் சாப்பிட்டிருக்கேனா?"

"கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் சாப்பிடுத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிறிஸ்மஸுக்கு நாங்கள் எத்தனையோ வீட்டில் சாப்பிடுகிறோம். ஒவ்வொரு வீடாக மனசுக்குள் போய் வந்தேன். யாரையும் பிடிக்க முடியவில்லை.

"கிராதியில உங்க பக்கத்துல நின்னுருக்காங்களா?"

தலையசைத்தார்.

"என் பக்கத்துல?"

அதற்கும் தலையசைத்தார்.

"வாடை வந்துதா?"

ஜன்னலுக்கு வெளியே காய்கறிக்காரன் மேத்தி, பாலக் என்று கூவிக்கொண்டு போனான். பிறகு இவர் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்: "நல்லா வச்சா வராது. நான் நல்லாத்தான் வச்சேன்."

அந்த நிலைமையிலும் தொழில் பெருமை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து வந்தது. "பட்வர்தனுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு? நீங்கதான? அப்ப அவரும் நல்லாத்தான் வைப்பாரு," என்றேன்.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "போன எடு," என்றார்.

அட்மிட் ஆனோம். குடலைக் காலி செய்ய ஏதோ உப்புத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். ஏரவாடாவிலிருந்து ஆட்கள் வந்து, பார்வையாளர் நேரம் முடிந்தும் போகாமல், கீழே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். பியூலா ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, அப்பாவுக்கு அவளே முகம் மழித்துவிட்டாள். அவள் நெற்றியில் சுருக்கம் விழுந்ததைக் கவனித்தேன். அப்பாவின் தாடையில் கத்தி வைக்காமல் நுரையையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள். "நான் வயித்துலயே வச்சவன், நீ தாடையில வை," என்று இவர் தைரியம் சொன்னார்.

அறுவைக்கு முந்தின சாயங்காலம் பட்வர்தன் மார்க்கர் பேனாவோடு வந்தார். வயிற்றில் எந்த இடத்தில் அந்த வாய் வர வேண்டும் என்று முன்கூட்டியே குறி போடுவார்கள். தோல் மடிகிற இடத்தில் அமைந்துவிட்டால் பை சரியாக ஒட்டாது, ஒட்டாவிட்டால் கசியும். இந்தக் குறி போடுவதில் இவர் ஒரு பைத்தியம். சிப்பாய் என்றால் பெல்ட்டைக் கட்டச் சொல்லிப் பார்ப்பார். ஒன்பது கெஜப் புடவை கட்டும் மராத்திப் பெண் என்றால் கொசுவம் எங்கே வரும் என்று கேட்பார். தரையில் குந்தி உட்கார்ந்து பாக்ரி ரொட்டி தட்டுகிறவளைக் குந்தி உட்காரவைத்தே பார்ப்பார். அவரவர் வாழ்கிற வாழ்க்கையில் வயிறு எப்படி மடிகிறதோ அப்படிப் பார்க்க வேண்டும் என்பது இவர் சட்டம்.

பட்வர்தன் இவரைப் படுக்கவைத்துப் பார்த்தார், உட்காரவைத்துப் பார்த்தார், நிற்கச் சொல்லிப் பார்த்தார். தொப்புளுக்கு இடதுபக்கம் ஒரு வட்டம் போட்டுவிட்டு, வணங்கிவிட்டுப் போனார். பேனாவை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டார்.

இவர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கதவச் சாத்து மேபல்," என்றார்.

சாத்தினேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கித் தரையில் முழங்காலிட்டார். ஞாயிற்றுக்கிழமை முழங்காலிடுவதுபோலவே, இரண்டு கையையும் கட்டில் விளிம்பில் வைத்து, தலை குனிந்து.

"வட்டம் எங்க இருக்குன்னு பாரு."

குனிந்து பார்த்தேன். வட்டத்தைக் காணோம். வயிற்று மடிப்பு அதை அப்படியே விழுங்கியிருந்தது.

"மடிப்புக்குள்ள போயிட்டுங்க."

"அவன் முழங்கால் போடச் சொல்லல. எங்கிட்டச் சொல்ல அவனுக்கு வாய் வரல. மறுபடியும் மரியாதை!" என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னார். "நீ போடு. ரெண்டு விரல் மேல. மடிப்பு இல்லாத எடமா, சமமா இருக்கணும்."

"நானா?"

"குனிஞ்சா எனக்குத் தெரியல. நீ போடு."

பேனாவை எடுத்தேன். என் கை அதுவரை தப்பான விடைகளுக்குத்தான் குறுக்குக்கோடு போட்டிருக்கிறது. எத்தனை பிள்ளைகளின் நோட்டில், எவ்வளவு அலட்சியமாக! அன்றைக்கு ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அந்தத் தோலை எனக்கு இத்தனை வருடமாகத் தெரியும். நாளைக்கு அந்த இடத்தில் திறப்பார்கள். பேனா நுனி பட்டதும் அவர் கூச்சத்தில் நெளிந்தார். பிறகு அந்த நிலையிலேயே ஜெபம் பண்ணினார். என்ன ஜெபம் என்று கேட்கவில்லை. நானும் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

மறுநாள் காலையில் பட்வர்தன் என் குறியைப் பார்த்துவிட்டு, "இது யார் ஸர்?" என்று கேட்டார். "மேடம்," என்றார் இவர். பட்வர்தன் இவரை எழுப்பி, இந்தத் தடவை தானாகவே முழங்காலிடச் சொல்லிப் பார்த்துவிட்டு, தன் வட்டத்தை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தார்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே காத்திருந்ததைப் பற்றி அதிகம் சொல்ல என்னால் முடியவில்லை. நாற்காலிகள் வரிசையாகச் சுவரோடு பொருத்தியிருந்தன. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் எழுந்தோம், வேறு யாரையோ கூப்பிட்டார்கள், உட்கார்ந்தோம். சர்ஜனின் மனைவியாக அந்தக் கதவின் அந்தப் பக்கத்தைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் இப்படி இருக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கும் தெரியாதுதான்.

பிறகு வந்த நாட்கள் மோசமானவை. காய்ச்சல் வந்தது, போனது. தைத்து மூடிய பின்பக்கக் காயம் ஆறாமல் படுத்தியது, உட்கார முடியாமல் கிடந்தார். முதல்முறை பை நிறைந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மாற்றினேன், பொய் சொல்லமாட்டேன். பையை ஒட்டுவதற்கு முன் அதன் நடுவில், குடல்வாயின் அளவுக்கு வட்டமாக ஓட்டை வெட்ட வேண்டும். பெரிதானால் தோல் புண்ணாகும், சிறிதானால் குடலை அழுத்தும். நான் வெட்டியது கோணல்மாணலாக வந்தது. பல்லிக்குப் பயந்து நாற்காலி மேல் ஏறுகிற பியூலா என் கையிலிருந்து கத்தரியை வாங்கி, அட்டையில் ஓர் அளவு வெட்டி வைத்துக்கொண்டு, காசு வைத்து வரைந்த மாதிரி வட்டம் வெட்டினாள். "டிசைன்ல நான் டாப், பப்பா," என்றாள். இன்றைக்கும் ஹடப்சரிலிருந்து வாரம் ஒருமுறை வரும்போது டிபன் கேரியரோடு வெட்டிய பைகளும் ஒரு கட்டு வரும்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஊசி மருந்து ஏற்றி முடித்திருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி ஸ்கேன். அந்தத் தேதி நெருங்க நெருங்க எங்கள் வீட்டில் மரியாதை வந்துவிடும். அவர் இருமினால்கூட நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன். சனிக்கிழமை அரைநாள் மட்டும் ஏரவாடா போகிறார். இதுவரை எந்தப் பிள்ளையும் மூக்கைப் பொத்தவில்லை.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். முழங்காலிடலாம் என்று பட்வர்தன் அனுமதி கொடுத்த பிறகு வந்த முதல் ஞாயிறு. திருவிருந்துக்கு எழுந்தார். முதல் ஆளாக அல்ல, கடைசியாக. கிராதியின் ஓரத்துக்குப் போய், பக்கத்தில் இருந்தவருக்கும் தனக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு முழங்காலிட்டார். நான் முந்தின வரிசையிலேயே வாங்கிவிட்டுப் பின்னால் நின்றிருந்தேன். அந்த இடைவெளியைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அந்த இடத்தையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். பிறகு கிராதியைப் பிடித்துக்கொண்டு, வயதான முழங்கால்களை ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்தி, இவர் தோளில் தோள் முட்டுகிறவரைக்கும் வந்து நின்றார். இரண்டு பேரும் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் இவர் சாப்பிட உட்கார்ந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏங்க, இன்னைக்கு உங்க பக்கத்துல..."

"மேபல்," என்றார்.

"ஒண்ணும் இல்ல. கொழம்புக்கு உப்பு போதுமான்னு கேக்க வந்தேன்."

"போதும்," என்றார். இன்னும் குழம்பை ஊற்றவே இல்லை.